ஏட்டுப் பொருள்களும் நுண்கண ஒளியும்

பென்ஸிலைக் கொண்டு காகிதத்தில் ஒரு கோடு கிழிக்கின்றோம். கோடு கருமையாய் விழுகின்றது. அங்ஙனம் விழுவதன் காரணம் யாதென வினாவுவார் நம்மிற் சிலரே. பென்ஸிலினுள் இருப்பது ஈயமன்று. கிராபைட்டு எனப்படும் ஒருவகைக் கரியே யாகும். அக்கரியில் அணுக்கள், ஓலைச் சுவடியில் ஏடுகள் ஒன்றன்மேலொன்று கிடத்தல் போலத் தளந்தளமாகக் கிடக்கின்றன. ஓரேட்டினுள் அணுக்கள் தேனடையின் அறுகோண அறைகள் போன்று மிக வலிதிற் பிணைந்துள்ளன; ஆயின் ஏட்டிற்கும் ஏட்டிற்கும் உள்ள பற்று மிக மெலிது. ஆதலின் காகிதத்தில் உராய்ந்த அளவானே ஏடுகள் வழுக்கிப் பெயர்ந்து அதன்மேற் படிகின்றன. சுவடியின் கயிறு அறுந்துழி ஓலைகள் சிதறுவதற்கும் இதற்கும் மிக்க வேறுபாடில்லை.

இக்கரியின் ஓரேட்டை மாத்திரம் பிரித்தெடுத்து, லேஸர் ஒளி சுழன்றுவரும் வழியில் வைத்தால், இடையறாது ஒழுகிய அவ்வொளி துண்டு துண்டாகத் தெறித்து வெளிப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு விநாடியின் இலட்சங் கோடியில் ஒரு பங்கினுங் குறைந்த காலமே நிற்பது. வகுப்பில் இதனைக் கூறியபோது, “கரி ஒளியை மறைக்குமேயன்றி எவ்வாறு கூர்மையாக்கும்?” என மாணவர் ஒருவர் வினாவினர். வினா நன்று. அதற்கு விடை கூறப் புகுந்ததே இக்கட்டுரை.

முதற்கண், நாம் பேசும் காலத்தின் நுட்பத்தை உணர்தல் வேண்டும். கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரையின் அளவாகக் கொண்டனர் நம் இலக்கண நூலார். எழுத்தொலியை அளத்தற்கு அது போதும். ஆயின் ஒருமுறை இமைப்பதற்கு விநாடியிற் பத்திலொரு பங்கேனும் செல்லும். இங்கு நமக்கு வேண்டுவது பெம்டோ விநாடி என்னும் அளவு. விநாடியைப் பத்துக் கோடி கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்று. 3 கோடியே 17 இலட்சம் ஆண்டுகளில் ஒரு விநாடி எத்துணைச் சிறிதோ, ஒரு விநாடியில் பெம்டோ விநாடியும் அத்துணைச் சிறிது. விநாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்தோடும் ஒளியும் ஒரு பெம்டோ விநாடியில் 0.3 மைக்ரோமீட்டரே செல்லும். அது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்கு.

இத்துணைச் சிறு துடிப்பால் ஆவது என்னை எனின், இரண்டு கூறுவோம். மூலக்கூற்றில் அணுக்கள் அசைவதும், பழைய பிணைப்பு அற்றுப் புதியது கூடுவதும் சில பத்து, சில நூறு பெம்டோ விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. இருளில் ஆடுவோரைக் கணப்பொழுது மின்னிய மின்னல் அசைவற்றவர் போலக் காட்டுகின்றதன்றோ? அவ்வாறே இத்துடிப்புக்களால் மூலக்கூறுகளின் நிலையைப் படிப்படியாகக் கண்டார் அஹமது ஜவெயில் என்பார். எகிப்து தேசத்திற் பிறந்து அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆராய்ந்த அவருக்கு 1999ஆம் ஆண்டில் இரசாயனத்திற்குரிய நோபெல் பரிசு கிடைத்தது. மற்றொன்று அறுவை. ஒளித்துடிப்பு போதிய அளவு குறுகியதாயின், வெப்பம் பக்கத்திற் பரவுமுன்னரே அத்துடிப்பின் வேலை முடிந்துவிடும். வெட்டுவாயின் இருமருங்கும் கருகுவதில்லை. 1993ஆம் ஆண்டளவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்து ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணாக்கர் கண்ணில் இத்தகைய ஒளி தற்செயலாய்ப் பாய்ந்துவிட்டது. அவரைச் சோதித்த வைத்தியர், விழித்திரையில் விழுந்த புண் வியக்கத்தக்கவாறு சிறிதாயும் வரம்பு சிதையாமலும் இருப்பதைக் கண்டார். கருவிழியைப் பெம்டோ விநாடி லேஸரால் அறுக்கும் சிகிச்சை அவ்விபத்தினின்றே தோன்றியது. இன்று பற்பல தேசங்களிலும் கண் வைத்தியர்கள் அதனைக் கையாளுகின்றனர்.

இனி லேஸரைப் பற்றிச் சிறிது. 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தியோடர் மெய்மன் என்பார் கெம்புக் கல்லொன்றினின்று முதல் லேஸர் ஒளியைப் பெற்றார். இரு கண்ணாடிகளுக்கு இடையே, ஒளியைப் பெருக்கவல்ல ஒரு பொருளை வைத்து, ஒளியை முன்னும் பின்னுமாக ஓடவிடுவதே லேஸரின் அமைப்பு. ஓடும் வழியின் நீளத்திற்குப் பொருந்திய அதிர்வெண்களே அதனுள் நிலைபெறும். அவை ஒன்றற்கொன்று சம அளவில் விலகி, ஏணியின் படிகள் போல அடுக்கடுக்காய் நிற்கும்.

அவ்வதிர்வெண்கள் தத்தம் போக்கில் அதிருமாயின் வெளிப்படும் ஒளி ஒழுங்கற்ற ஒழுக்காகவே இருக்கும். எல்லாம் ஒருங்கே தொடங்கியவை போல இசைந்து அதிருமாயினோ நிலைமை வேறு. கோலாட்டத்தில் நூறுபேர் தத்தம் மனம்போனவாறு கோல் தட்டினால் சலசலப்பே கேட்கும். தாளத்தில் ஒன்றித் தட்டினால் ‘டக்’கென்னும் ஓரோசை எழும், அடுத்த தட்டுவரை அமைதி நிலவும். உவமை முற்றும் பொருந்தாது; ஏனெனின் ஒளியில் ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனித்தனி வேகமுடையது. எனினும் கருத்து அதுவே. இசைந்து நிற்கும் அதிர்வெண்கள் எத்துணை மிகுமோ அத்துணைக் குறுகும் துடிப்பு. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் 100 பெம்டோ விநாடித் துடிப்பொன்று பெறவேண்டுமாயின் ஏறக்குறைய 25 நானோமீட்டர் அகலமுள்ள நிறமாலை வேண்டும்.

அவற்றைத் தாளத்தில் நிறுத்துவது யார்? இங்கேதான் கரி வருகின்றது. வழியில் ஒரு சுங்கச் சாவடி இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் இருவராய் வருவோரிடம் காவலன் தவறாது சுங்கம் கொள்வான். பெருங்கூட்டம் ஒருங்கே நெருக்கி வருமாயின், அவன் கை சிலரை மட்டுமே பற்றும். ஏனையோர் கொடாமலே கடந்து போவர். மெலிந்த ஒளியை விழுங்கியும், செறிந்த ஒளியைப் பெரிதும் விட்டும் நிற்கும் இத்தகைய பொருளை ‘நிறைவுறும் உறிஞ்சி’ என்போம். லேஸரினுள் ஒளி சுற்றிவரும்போது தற்செயலாய் ஓரிடத்திற் சற்றே செறிவு மிகுந்திருக்கும். சாவடியைக் கடக்குந்தோறும் அச்செறிவு குறைவாகவே இழக்கும்; மற்றையது மிகுதியாய் இழக்கும். ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சென்றபின் மெலிந்தது அனைத்தும் மறைந்து, ஒரே கூர்மையான துடிப்பு எஞ்சும். ஆகவே கரி ஒளியை மறைப்பது மெய்யே. எதனை மறைக்கின்றது, எதனை விடுகின்றது என்பதிலே தான் மாணவர் வினாவிற்கு விடை உள்ளது.

இக்கருத்து புதியதன்று. 1960ஐ அடுத்த ஆண்டுகளிலேயே சாயக் கரைசல்களை உறிஞ்சியாகப் பயன்படுத்தினர். 1981ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தார் சாய லேஸரைக் கொண்டு 100 பெம்டோ விநாடிக்குக் கீழே இறங்கினர். ஆயின் சாயம் நாளடைவில் வெளுத்துக் கெடும். கரைசலை ஓயாது ஓடவிடவும் வேண்டும். 1991ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் ஸென்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக் கழகத்தில் ஸிபெட் முதலியோர், டைட்டானியம் கலந்த நீலமணியில் ஒளி தன்னைத் தானே குவித்துக்கொள்ளும் இயல்பினால் 60 பெம்டோ விநாடித் துடிப்புக்களைப் பெற்றனர். மிகச் சிறந்த முறை. ஆயின் இத்தகைய லேஸர் தானே தொடங்குவது அரிது. கண்ணாடியை மெல்லத் தட்டி எழுப்பவேண்டிய லேஸர்கள் பல. 1992ஆம் ஆண்டில் ஊர்ஸுலா கெல்லர் அம்மையார் அரைகடத்திப் படலங்களைக் கண்ணாடியோடு இணைத்து, தானே தொடங்கும் உறிஞ்சியொன்றை வகுத்தார். அது உலகெங்கும் பரவிற்று. ஆயினும் அதனை ஆக்க வெற்றிடத்தில் அணுப்படலங்களை ஒன்றன்மேலொன்றாய் வளர்க்கும் விலையுயர்ந்த பொறி வேண்டும். ஒருமுறை ஆக்கியது ஒரு குறுகிய அலைநீள எல்லைக்கே உதவும். பொருள்வளம் மிக்க சில கூடங்கட்கே அது கைவந்தது. ஏனையோர் விலைகொடுத்து வாங்கவேண்டியவராயினர்.

இந்நிலையிற்றான் கரியின் பக்கம் அறிஞர் திரும்பினர். முதலில் வந்தது கரிக்குழல். ஏட்டைச் சுருட்டி மூங்கிற்குழாய் போலாக்கிய வடிவம் அது. 2003ஆம் ஆண்டளவில் ஜப்பானியர் அதனைக் கொண்டு கண்ணாடி நூல் லேஸரில் துடிப்புண்டாக்கினர். குழலின் குறுக்களவே அது உறிஞ்சும் அலைநீளத்தை வரையறுக்கும் ஆதலின், அகன்ற எல்லை வேண்டுவோர் பல அளவுக் குழல்களைக் கலக்க நேர்ந்தது. பயன்படாத குழல்களும் ஒளியை வீணே விழுங்கின.

சுருட்டாத ஏடு 2004ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரி கைம், கான்ஸ்டன்டின் நொவொஸெலொவ் என்னும் இருவர், கிராபைட்டின்மேற் சாதாரண ஒட்டு நாடாவை ஒட்டி உரித்து, உரித்ததை மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுப் பருமனுள்ள ஏட்டைப் பெற்றனர். அதுவே கிராபீன். ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடையே கிராபைட்டில் உள்ள தூரம் 0.335 நானோமீட்டர். 2010ஆம் ஆண்டிற் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசு இவ்விருவரையும் அடைந்தது. ஒட்டு நாடா எக்கடையிலும் கிடைப்பதொன்று என்பதை நம் மாணவர் கருதுவாராக.

இவ்வேட்டின் வழியே செல்லும் ஒளியில் நூற்றுக்கு 2.3 பங்கு குறைகின்றது என 2008ஆம் ஆண்டில் அளந்தறிந்தனர். ஓரணுப் பருமனுக்கு இது மிகப் பெரிது. இன்னும் வியப்பு யாதெனின், வட்ட விகிதத்தை 137ஆல் வகுத்தால் வருவதும் இவ்வெண்ணே. நிறம் மாறினும் இவ்வளவு ஏறக்குறைய மாறுவதில்லை; கட்புலனாகும் ஒளிக்கும் அதற்கப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளிக்கும் ஒன்றே. பிற அரைகடத்திகளில் எலெக்ட்ரான்கள் வாழும் கீழ்நிலைக்கும் அவை தாவவேண்டிய மேல்நிலைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு; அவ்விடைவெளியினும் குறைந்த ஆற்றலுள்ள ஒளி தீண்டப்படாமற் போய்விடும். கிராபீனில் இவ்விரு நிலைகளும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளுகின்றன. இடைவெளி இன்மையின் எந்நிறமும் விலக்கன்று.

அது நிறைவுறுவது எங்ஙனம்? விருந்திற் பந்தியை நினைமின். இலைகள் அனைத்திலும் ஆட்கள் அமர்ந்துவிட்டால் அடுத்து வருவோர்க்கு இடமில்லை. ஓர் எலெக்ட்ரான் இருக்கும் நிலையில் மற்றொன்று இராது என்பது 1925ஆம் ஆண்டிற் பௌலி கண்ட விதி. செறிந்த ஒளி பாய்ந்து மேல்நிலை இலைகளை நிரப்பிவிட்டால், பின்வரும் ஒளியை உறிஞ்ச எலெக்ட்ரானுக்கு இடமில்லை. ஒளி தடையின்றிச் செல்லும். கிராபீனிற் பந்தி எழுவதும் மிக விரைவு. எலெக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதித் தம்முள் ஆற்றலைப் பகிர்வது 100 பெம்டோ விநாடியளவில் நிகழும். அவ்வெப்பத்தை அணுக்களுக்குக் கொடுத்துக் குளிர்வது அதன்பின் ஒரு பிகோ விநாடி, அஃதாவது 1000 பெம்டோ விநாடி, அளவில் நிகழும்.

2009ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிலுள்ள ஆராய்ச்சியாளர் கிராபீனைக் கண்ணாடி நூல் லேஸரில் வைத்து 756 பெம்டோ விநாடித் துடிப்புக்களை வெளியிட்டனர். அக்காலத்தையொட்டியே கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரேயா பெராரி முதலியோர் கிராபீனைப் பிளாஸ்டிக்குப் படலத்திற் கலந்து 460 பெம்டோ விநாடியளவிற் பெற்றனர்.

அவ்வமைப்பு மிக எளிது. எர்பியம் என்னும் அரிய தாது கலந்த கண்ணாடி நூலை வளையமாக்கி, 980 நானோமீட்டர் லேஸர் ஒளியால் அதற்கு ஊட்டமளிப்பர். ஒளி ஒருபக்கமாகவே சுழலும்படி ஓர் ஒருவழித் தடையும், ஒரு பங்கை வெளியே எடுக்க ஒரு பிரிப்பியும் உண்டு. இரு நூல்முனைகளைப் பொருத்தும் இடத்தில், ஒரு முனையின்மேற் கிராபீனை ஒட்டிவிடுவர். அவ்வளவே. வளையம் 10 மீட்டராயின், கண்ணாடியில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு சுற்றுக்கு 50 நானோ விநாடியாகும். விநாடிக்கு 2 கோடித் துடிப்புக்கள் வெளிவரும். சராசரி வலிமை ஒரு மில்லிவாட்டே எனினும், 500 பெம்டோ விநாடிக்குள் அடங்கிய துடிப்பின் உச்சியில் அது 100 வாட்டாகும். சராசரியினும் இலட்சம் மடங்கு. அத்துடிப்பில் ஒன்றுகூடி ஒலிக்கும் அதிர்வெண்கள் ஏறக்குறைய முப்பதினாயிரம். மேற்கூறிய கோலாட்டத்தில் நூறுபேரையே வைத்தோம்!

இங்கு நுண்ணறிவுடையார் ஓர் ஐயம் எழுப்புவர். பந்தி முற்றும் எழுதற்கு ஒரு பிகோ விநாடி ஆகுமாயின், அதனினும் குறுகிய துடிப்பு எவ்வாறு பிறக்கும்? விடை கண்ணாடி நூலில் உள்ளது. செறிந்த ஒளி கண்ணாடியின் இயல்பைச் சிறிது மாற்றுவதால், துடிப்பின் முன்பகுதி சற்றே நெடிய அலைநீளமும் பின்பகுதி சற்றே குறுகியதும் பெறும். 1550 நானோமீட்டரையடுத்துச் சாதாரணக் கண்ணாடி நூலிற் குறுகிய அலை முந்தும்; நெடியது பிந்தும். ஆகவே பின்னுள்ளது முன்னதை எட்டிப்பிடிக்கத் துடிப்பு சிதறாமல் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும். 1834ஆம் ஆண்டில் எடின்பரோவுக்கு அருகேயுள்ள கால்வாயில், நின்ற படகொன்றினின்று புறப்பட்ட ஒற்றை அலை வடிவம் மாறாமல் ஓடுவதைக் கண்டு, ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரைமேல் அதனைத் துரத்திச் சென்றார். அவ்வலையும் இத்துடிப்பும் ஒரே குலத்தன. ஆகவே கிராபீன் துடிப்பைத் தொடங்கிவைத்துச் சிதையாமற் காக்கின்றது. கூர்மையின் பெரும்பகுதி நூலின் வேலை.

எடுத்த படலத்தில் உள்ளது ஓரேடா, ஐந்தேடா என அறிவதற்கு நம் நாட்டவர் கண்ட கருவியே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற ஸி. வி. ராமன் 1928ஆம் ஆண்டு கல்கத்தாவிற் கண்ட ஒளிச்சிதறல் விளைவே அது. கிராபீனின் ராமன் நிறமாலையில் 2700 என்னும் எண்ணருகே தோன்றும் கோட்டின் வடிவம் ஏடுகளின் தொகைக்கேற்ப மாறும்.

கிராபீனுக்குப் பின் வேறு ஏட்டுப் பொருள்களும் வரிசையாக வந்தன. பிஸ்மத் டெல்லுரைடு 2012ஆம் ஆண்டில் வந்தது. அதன் ஓரேடு ஐந்து அணுத்தளங்களைக் கொண்டு ஒரு நானோமீட்டர் பருமனாம். இயந்திரங்களுக்கு மசகாகப் பயன்பட்ட மாலிப்டினம் ஸல்பைடு அடுத்தது. 1914ஆம் ஆண்டிலேயே பிரிட்ஜ்மன் ஆக்கிவைத்து, நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த கரும் பாஸ்பரஸும் எழுந்து வந்தது. திரண்ட நிலையில் அதன் இடைவெளி 0.3 எலெக்ட்ரான் வோல்ட்டு. ஆதலின் 4 மைக்ரோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியையும் அது பற்றும். ஆயின் காற்றும் ஈரமும் பட்டால் விரைவிற் கெட்டுவிடும்.

இவற்றைப் பற்றி வெளிவந்த கட்டுரைகள் எண்ணிறந்தன. அவற்றை முழுதும் நம்பலாமோ? சில ஐயங்களை ஒளியாது கூறுவது கடமையெனக் கருதுகின்றோம். மாலிப்டினம் ஸல்பைட்டின் ஓரேட்டில் இடைவெளி 1.8 எலெக்ட்ரான் வோல்ட்டிற்குக் குறையாது. 1550 நானோமீட்டர் ஒளியின் ஆற்றலோ 0.8 மட்டுமே. விதிப்படி அவ்வொளியை அது தீண்டலாகாது. ஆயினும் அவ்வலைநீளத்தில் அது துடிப்புண்டாக்கியதாக அறிவித்தனர். ஏட்டின் விளிம்புகளும், அணு விடுபட்ட குறைகளுமே உறிஞ்சுகின்றன என்பர். அங்ஙனமாயின் வேலை செய்வது அப்பொருளின் குணமன்று, அதன் குற்றமே. குற்றத்தை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் ஆக்குவது எளிதோ?

மற்றொன்று இன்னும் நுட்பம். கண்ணாடி நூல் வளையத்தில் ஒளியின் அதிர்தளம் தானே திரும்பும் இயல்பொன்று உண்டு. நூலைச் சற்று முறுக்கி அழுத்தினால், உறிஞ்சி எதுவுமின்றியே துடிப்புத் தோன்றுதல் கூடும். ஆகவே ஒருவர் புதிய ஏட்டைப் பொருத்தித் துடிப்புக் கண்டேன் என்றால், அது ஏட்டால் வந்ததா, முறுக்கால் வந்ததா என்பது கேட்கத்தக்கதே. இதற்குச் சோதனை எளிது. ஏடு கலவாத வெறும் பிளாஸ்டிக்குப் படலத்தை அதேயிடத்தில் வைத்து, முறுக்கை எல்லாவாற்றானும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். துடிப்புத் தோன்றாதாயின் ஏட்டிற்கே பெருமை. இச்சோதனையைச் செய்து காட்டாத கட்டுரையை யாம் ஏற்கத் தயங்குவோம். உறிஞ்சிய ஒளியில் எத்துணைப் பங்கு நிறைவுற்று விடுபடுகின்றது, எத்துணைப் பங்கு என்றும் வீணாகின்றது என்பதையும் அளந்து கூறவேண்டும். எர்பிய நூல் நன்கு பெருக்கவல்லது ஆதலின் வீணைப் பொறுக்கும். படிக லேஸர்கள் பொறா. இன்றளவும் தொழிற்சாலைகளில் உழைக்கும் லேஸர்கள் பெரும்பாலும் பழைய முறைகளையே பற்றி நிற்பதற்கு இவையும் காரணம்.

ஆயினும் ஏழைக் கூடங்களுக்கு இது திறந்துவிட்ட வாயில் சிறிதன்று. வெற்றிடப் பொறி இல்லாதவரும் கரியை உரிக்கலாம். நம் மாணவர் முயல விரும்பின், நல்ல கிராபைட்டுச் செதிலொன்றை நாடாவில் ஒட்டிப் பத்துப் பன்னிருமுறை மடித்துரித்து, 300 நானோமீட்டர் ஆக்ஸைடு படிந்த ஸிலிக்கன் தகட்டில் அழுத்தி, மைக்ராஸ்கோப்பிற் பார்க்கலாம். மற்றவற்றினும் மெலிந்து, நிறம் மாறியதென்று ஐயுறும் அளவே வெளிறித் தோன்றும் துணுக்கே நாம் தேடுவது. பெரும்பாலன தடித்தவையாகவே இருக்கும்; பொறுமை வேண்டும். எர்பிய நூலும் அதற்கு ஊட்டும் லேஸரும் வாய்க்குங் காலத்து வளையமும் அமைக்கலாம். அப்பொழுது ஒன்று மறவற்க: 1550 நானோமீட்டர் ஒளியும், அதனை ஊட்டும் 980 நானோமீட்டர் ஒளியும் கண்ணுக்குப் புலப்படா, தக்க காப்புக் கண்ணாடி அணியாது எவரும் அவ்வளையத்தின் அருகே செல்லலாகாது.